தூக்கத்தை விழுங்கிய டீமேக்கர்

பெரிய மனிதர்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள், அவர்கள் எவ்வளவு குறைவாகத் தூங்கினார்கள் என்பதில்தான் தொடங்குவார்கள். நாட்டை ஆண்டவர், நூல் எழுதியவர், நட்சத்திரம் பார்த்தவர் எல்லோருமே ஊர் குறட்டை விட்ட நேரத்தில் விழித்திருந்தார்களாம். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், யட்டியாந்தோட்டைக்கு மேலே மூங்கிலோடைத் தோட்டத்தில் டீமேக்கராக இருந்த சண்டிலிப்பாய்த் தருமலிங்கத்தைவிடப் பெரிய மனிதர் இந்தத் தீவில் பிறக்கவில்லை. இருந்தும் அவருக்கு ஒரு சிலை இல்லை. ஒரு முச்சந்திக்குக்கூட அவர் பெயரில்லை. நன்றி கெட்ட உலகம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பிறந்தபோது அவர் பெரிய மனிதராக இருக்கவில்லை. சொந்த ஊரான சண்டிலிப்பாயில் அவருக்கு இருந்த பெயரே வேறு. ஒருமுறை புயலில் வீட்டு ஓலைக்கூரை பறந்துபோய்ப் பக்கத்து வளவில் விழுந்தது. வீட்டார் அலறிப் புடைத்துக்கொண்டு ஓடினார்கள். இளைஞர் தருமலிங்கம் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "வெளிச்சமாய்க் கிடக்கு, ஆர் யன்னலைத் திறந்தது?" என்று கேட்டுவிட்டு மறுபக்கம் புரண்டார். கலியாணத்தன்று ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல, மாப்பிள்ளை கண்மூடி அசையாமல் இருந்தார். "என்ன பக்தி, என்ன பக்தி!" என்று மாமியார் உருகினார். பக்கத்தில் இருந்த மணப்பெண் குணேஸ்வரிக்கு மட்டும் உண்மை தெரியும். அந்தப் பக்தியின் தலை அவள் தோளில் அல்லவா சாய்ந்துகொண்டிருந்தது!

இப்பேர்ப்பட்ட மனிதர்தான் மூங்கிலோடைத் தோட்டத்துக்கு உதவி டீமேக்கராக வந்தார். தேயிலை ஆலையைத் தோட்டத்தில் 'ஸ்டோர்' என்பார்கள். இலையை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, காயவைத்துப் பெட்டியில் அடைப்பதுவரை அங்கே நடக்கும் எல்லாவற்றுக்கும் டீமேக்கர்தான் பொறுப்பு. காய்ந்து வந்த தூளைக் கோப்பையில் ஊற்றி ருசி பார்த்து, நல்லதா கெட்டதா என்று சொல்வதும் அவர் வேலை. உதவியாக இருந்த காலமெல்லாம் தருமலிங்கம் ரோதை இரைச்சலுக்கு நடுவே சாக்கு மூட்டையில் சாய்ந்துகூடத் தூங்கினார். இலை உருட்டும் ரோதைதான் அவருக்குத் தாலாட்டு.

பழைய டீமேக்கர் சுந்தரலிங்கம் தொழிலைச் சொல்லிக் கொடுக்கிற ஆள் இல்லை. சொல்லிக் கொடுத்தால் தான் உட்கார்ந்திருக்கும் கதிரை போய்விடும் என்ற பயம். ஆகவே தருமலிங்கம் தூரத்தில் நின்று பார்த்தே கற்றார். அவர் பார்த்தது இதுதான்: சுந்தரலிங்கம் கரண்டியால் தேத்தண்ணியை உறிஞ்சுவார். உடனே பக்கத்து யன்னலால் தலையை நீட்டித் துப்புவார். ஆனால் சுந்தரலிங்கம் விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை வெற்றிலை போடுகிறவர். யன்னலுக்குக் கீழே நின்ற குரோட்டன் செடிக்கு இயற்கையில் என்ன நிறம் என்பது தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆகவே, 'தேத்தண்ணி உள்ளே போகிறது, வெற்றிலை வெளியே வருகிறது' என்று தருமலிங்கம் முடிவு கட்டினார். பிழை சொல்ல முடியாத முடிவு. நீங்களும் நானும் அந்த இடத்தில் நின்றிருந்தால் அப்படித்தான் நினைத்திருப்போம்.

சுந்தரலிங்கம் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். தருமலிங்கம் டீமேக்கரானார். அவர் வெற்றிலை போடாதவர். சண்டிலிப்பாய்க் கடும் சைவம். அவர் எதற்காகத் துப்ப வேண்டும்?

மேலும், துப்புவது என்பது அவர் வளர்ந்த வீட்டில் இருக்கிற பாவங்களிலேயே அருவருப்பானது. வாயில் பட்டது எச்சில். அதை வீட்டுக்குள் துப்பினால் இடம் தீட்டு. கோப்பையில் மிச்சம் வைத்தால் இலட்சுமிக்குக் கோபம் வரும். அந்த மிச்சத்தை இன்னொருவருக்குக் கொடுத்தாலோ கொடுத்தவருக்குப் பாவம், குடித்தவருக்கு அதைவிடப் பாவம். ஆகவே தருமநெறி தவறாத டீமேக்கருக்கு ஒரே வழிதான் இருந்தது. மேசையில் வரிசையாக வைத்த கோப்பைகள் அத்தனையையும் அடிமண்டி தெரியும்வரை அவரே குடித்து முடித்தார். ருசி பார்க்கும் சாயம் வீட்டுத் தேத்தண்ணி மாதிரி இல்லை. பாலில்லை, சீனியில்லை, கண்ணை மூடினாலும் கறுப்பாகத் தெரிகிற கடுஞ்சாயம். காலையில் ஒரு வரிசை. மத்தியானம் ஒரு வரிசை. சந்தேகம் வந்தால் பின்னேரமும் ஒன்று. மனச்சாட்சி உள்ளவருக்குச் சந்தேகம் வராத நாள் ஏது?

லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த தோட்டத் தொழிலாளர்கள் குடித்தது வேறு தேத்தண்ணி. ஸ்டோரில் கூட்டி அள்ளிய தூசைக் கொதிக்கவைத்து, கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடிப்பார்கள். பகலெல்லாம் மலையேறி இறங்கியவர்கள் பாயில் விழுந்தவுடன் தூங்கிவிடுவார்கள். நல்ல தேயிலையைக் கொடுத்து அவர்கள் தூக்கத்தைக் கெடுக்கவில்லை என்பதைத் தோட்டத்து நிர்வாகம் தன் கருணைகளில் ஒன்றாக எண்ணியிருந்தது.

தருமலிங்கத்துக்குப் பதவி வந்த அதே மாதம் தூக்கம் போயிற்று. முதலில் பின்தூக்கம் போனது. பிறகு முன்தூக்கம் போனது. பிறகு, போவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கண்ணை மூடினால் மண்டைக்குள் ரோதை ஓடியது. நெஞ்சு பறையடித்தது. கரண்டி பிடித்த கை நடுங்கியதில் கோப்பை மணி அடித்தது. யோசனைகள் மட்டும் தீபாவளிச் சீனவெடி போல ஒன்றையொன்று பற்ற வைத்துக்கொண்டு வெடித்தன.

"குணேசு, இராவணனுக்குப் பத்துத் தலை எல்லே? ஒரு தலை நித்திரை கொள்ளேக்கை மற்றத் தலையள் என்ன செய்யும்?"

"எனக்கு ஒரு தலைதான் கிடக்கு" என்றாள் குணேஸ்வரி இருட்டுக்குள்ளிருந்து. "அதையாவது விடுங்கோ, நித்திரை கொள்ளட்டும்."

ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் மூடியிருக்கும். அன்று பின்னேரம் அவர் மண்டை தேங்காய் பிளப்பதுபோலப் பிளக்கும். திங்கட்கிழமை முதல் கோப்பையோடு வலி பறந்துவிடும். "வேலைதான் எனக்கு மருந்து" என்றார் தருமலிங்கம். அதைக் கேட்ட, தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரரான பெரிய துரை மற்ற உத்தியோகத்தர்களைக் கூப்பிட்டு, "தருமலிங்கத்தைப் பாரு! லீவு குடுத்தா அவனுக்குத் தலை வலிக்குது!" என்று உபதேசம் செய்தார்.

விடுமுறைக்குச் சண்டிலிப்பாய் போனார்கள். முதல் இரண்டொரு நாள் தலையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். பிறகு தூங்கினார். எப்படித் தூங்கினார்! மாமியார் மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போனார். திரும்பித் தோட்டத்துக்கு வந்து, ஸ்டோருக்குள் காலடி வைத்த அன்றே தூக்கம் மறுபடி போய்விட்டது.

இதிலிருந்து ஒரு குழந்தையும் உண்மையைக் கண்டுபிடித்துவிடுமே! குணேஸ்வரியும் கண்டுபிடித்தாள். ஊரில் வருகிற நித்திரை இங்கே வருவதில்லை. ஆகவே டீமேக்கர் குவாட்டர்ஸில் பேய் இருக்கிறது.

பேய்க்கு வைத்தியம் தொடங்கியது. மாரியம்மன் கோயில் பண்டாரம் வந்து நிலைப்படியில் எலுமிச்சம்பழம் வெட்டினார். அடுத்த சிங்களக் கிராமத்திலிருந்து பேயோட்டும் குருன்னான்சே வந்தார். அறை அறையாய் முகர்ந்து பார்த்தார். "யக்கெக் நே, மஹத்தயா" என்றார். பேய் இல்லையாம். அவ்வளவு நேர்மையான பேயோட்டியை நம்பலாமா? அவரை அனுப்பிவிட்டுத் தோட்டத்து மருந்துக்கார ஐயா ஞானசேகரத்தைக் கூப்பிட்டார்கள்.

ஞானசேகரம் நாக்கை நீட்டச் சொன்னார். கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். "பேயுமில்லை, கீயுமில்லை. நரம்புத் தளர்ச்சி" என்று தீர்ப்புச் சொல்லி, தூக்கம் வரப் புரோமைட் கலந்த ஒரு போத்தல் மருந்தும் கொடுத்தார். படியிறங்கிப் போனவர் ஏதோ நினைவு வந்து திரும்பினார். "தருமலிங்கம், படுக்கப் போகேக்கை நல்ல சாயமாய் ஒரு தேத்தண்ணி குடியும். நரம்பு ஆறும்."

தருமலிங்கம் அதைச் சிரத்தையோடு கடைப்பிடித்தார். தூக்கம் போன துக்கத்தை விசாரிக்க வந்தவர்களுக்கும் தேத்தண்ணி. அவர்களோடு மரியாதைக்கு அவருக்கும் தேத்தண்ணி.

பிறகுதான் அந்த மணி அடித்த சம்பவம்.

ஸ்டோர் வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். விடியற்காலையில் அதை அடித்தால் தோட்டம் எழும்பிப் பெரட்டுக் களத்தில் வந்து நிற்க வேண்டும். அங்கேதான் கங்காணிமார் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புவார்கள். ஒருநாள் அந்த மணியை ஊர் விழிக்கும் நேரத்துக்கு முன்னால் தருமலிங்கம் அடித்துவிட்டார். மணிக்கூடு பிந்திவிட்டது என்று அவருக்கு முழு நிச்சயம். தாம் இவ்வளவு தெளிவாக விழித்திருக்கும்போது விடியாமல் எப்படி இருக்கும்? லயங்கள் விழுந்தடித்து எழும்பின. ரொட்டி சுட்டார்கள், கூடையை முதுகில் மாட்டினார்கள், பிள்ளைகளை எழுப்பி, ஆயா பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குத் தூக்கிப் போனார்கள். எல்லோரும் களத்தில் வந்து வரிசையாக நின்று பார்த்தால், எதிரே நின்ற மலையைக் காணவில்லை. அவ்வளவு இருட்டு.

பெரிய கங்காணி அழகமுத்து பந்தத்தைத் தூக்கி டீமேக்கரின் முகத்தைப் பார்த்தார். "ஐயா, சூரியன் லீவுல போயிருச்சுங்களா?"

விடிந்த பிறகு, மெய்யாகவே விடிந்த பிறகு, பெரிய துரையின் பங்களா விறாந்தையில் விசாரணை நடந்தது. துரை இன்னும் இரவுச் சட்டையோடுதான் இருந்தார்.

"தருமலிங்கம்! நீ ராத்திரி குடிச்சியா?"

"இல்லைத் துரை. தேத்தண்ணியைத் தவிர நான் வேறொண்டும் தொடுறதில்லை."

துரை அதிர்ந்துபோனார். குடித்திருந்தால் மன்னிக்கலாம், அந்த விஷயத்தில் அவருக்கு அனுபவமும் உண்டு, அனுதாபமும் உண்டு. குடிக்காமல் இப்படிச் செய்கிறவனை என்ன செய்வது? அவர் மருந்துக்கார ஐயாவைப் பார்த்தார். மருந்துக்கார ஐயா தரையைப் பார்த்தார். அந்த இரண்டு பார்வைக்கும் நடுவில் 'அங்கொடை' என்ற சொல் வந்து நின்றது. தீவின் பைத்தியக்கார ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது.

தீர்ப்பு இப்படி: வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து தேயிலை ருசி பார்க்கும் துரை வருகிறார். அவர் முன்னால் டீமேக்கர் புத்தி சுவாதீனத்தோடு தொழில் செய்து காட்ட வேண்டும். காட்டினால் கதிரை இருக்கும். இல்லாவிட்டால் அங்கொடைக்கு ஞானசேகரம் கடிதம் கொடுப்பார். குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியதுதான்.

சேதி கேட்ட குணேஸ்வரி அகப்பையைக் கீழே போட்டாள். "நித்திரைக்குப் பேர்போன மனிசன், அங்கொடையிலை போய் முழிப்புக்குப் பேர் எடுக்கப் போறாரோ? ஊரிலை நான் எந்த முகத்தோடை போய் இறங்க?"

வெள்ளிக்கிழமை வந்தது. பிழை ஒன்றும் வந்துவிடக்கூடாது என்று தருமலிங்கம் இருட்டோடு ஸ்டோருக்குப் போய், அன்றைய தூள்களை ஒன்றுக்கு இரண்டு தடவை ஊற்றி, இரண்டு தடவையும் முழுதாகக் குடித்துப் பார்த்து வைத்தார். கொழும்புத் துரை சின்ன ரயிலில் யட்டியாந்தோட்டைக்கு வந்து, காரில் ஏறி மலைக்கு வந்தபோது டீமேக்கரின் காது மடல்கூட நடுங்கிக்கொண்டிருந்தது.

கொழும்புத் துரை நல்ல பருமன். மீசை சாயத்தில் ஊறி மஞ்சளாகிவிட்ட மனிதர். அதிகம் பேசவில்லை. மேசைக்கு முன் நின்றார். கரண்டியை முக்கினார். சேற்றில் சிக்கிய எருமை காலை இழுப்பதுபோல ஒரு சத்தம். முதற் கரண்டி வாய்க்குள் போயிற்று.

பிறகு அவர் இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தார். கன்னங்கள் இரண்டும் உப்பியிருந்தன. "ம்ம்?" என்றார். "ம்ம்ம்!"

ஒருவருக்கும் விளங்கவில்லை. துரை இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு வடிவம் வரைந்து காட்டினார். மேலே அகலம், நடுவில் ஒடுக்கமான இடை, கீழே மறுபடி அகலம். பெரிய துரை அதைப் பார்த்து முகம் சிவந்தார். இந்த வயதில், இந்த நேரத்தில், ஸ்டோரில் வைத்து இது என்ன கேள்வி?

அழகமுத்துவுக்குத்தான் சட்டென்று பிடிபட்டது. "உடுக்கைங்களா தொரை? பண்டாரத்தக் கூட்டியாரவா?"

தருமலிங்கம் மட்டும் ஆபத்தை உணர்ந்தார். துரைக்குப் புரையேறிவிட்டது! முதுகில் குத்துவதற்காகக் கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தார். கொழும்புத் துரை அவரை ஒரு கையால் தள்ளிவிட்டு, யன்னலால் தலையை நீட்டி, குரோட்டன் செடியின் மேல் புளிச்சென்று துப்பினார்.

தருமலிங்கத்தின் கை ஓங்கியபடியே நின்றது. மூங்கிலோடைத் தேயிலை, அவர் உயிரைக் கொடுத்துச் செய்த தேயிலை, ஒரு துரையின் வாயால் துப்பப்பட்டுவிட்டது.

இரண்டாவது கோப்பை. துப்பினார். மூன்றாவது. துப்பினார். ஒவ்வொரு துப்பலுக்கும் தருமலிங்கம் தம் கதிரையின் ஒவ்வொரு கால் கழன்று விழுவதைக் கண்டார். நாலாவது கோப்பையோடு அவரால் தாங்க முடியவில்லை. இனிமேல் பேச்செல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. நாம் தமிழிலேயே கேட்போம்.

"துரை... அவ்வளவு மோசமா?"

"மோசமா? யார் சொன்னது? இந்தப் பள்ளத்தாக்கில் இந்த வருடம் இதைவிட நல்ல தேயிலை நான் பார்க்கவில்லை."

"அப்படியென்றால் ஏன் துப்பினீர்கள்?"

"துப்பாமல்?"

"விழுங்க வேண்டாமா?"

கொழும்புத் துரையின் கையிலிருந்து கரண்டி விழுந்து தரையில் துள்ளியது. "நீ விழுங்குகிறாயா?"

"விழுங்குகிறேன்."

"எல்லாவற்றையுமா?"

"எல்லாவற்றையும்."

"கோப்பையில் மிச்சம் இருக்குமே?"

"அதையும்தான். எச்சில் பட்டதை யாருக்குக் கொடுப்பது?"

"எப்போதிருந்து?"

"டீமேக்கராக வந்த நாளிலிருந்து."

கொழும்புத் துரை ஒரு முக்காலியைத் தேடி உட்கார்ந்தார். யானையை விழுங்கிவிட்டு வந்து நிற்கும் ஒருவனைப் பார்ப்பதுபோலத் தருமலிங்கத்தை அடியிலிருந்து முடிவரை பார்த்தார். பிறகு அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடியில் விரல் வைத்தார். உடனே விரலை எடுத்துவிட்டார், சுட்டதுபோல.

"மனிதா, நீ தூங்குவதுண்டா?"

அந்த ஒரு கேள்வியில் தருமலிங்கத்தின் கண்கள் கலங்கிவிட்டன. பேயைக் கேட்டார்கள், கிரகத்தைக் கேட்டார்கள், நாக்கைக்கூட நீட்டச் சொல்லிக் கேட்டார்கள். அவர் என்ன குடிக்கிறார் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. பெரிய துரை கேட்டதுகூட சாராயத்தைத்தான். 'தேத்தண்ணியைத் தவிர ஒன்றும் இல்லை' என்று அவரே வாயால் சொன்ன பிறகும் ஒருவர் காதிலும் அது விழவில்லை. தேயிலைத் தோட்டத்தில் தேத்தண்ணியை யார் சந்தேகப்படுவார்? மீனிடம் போய்த் தண்ணீரைப் பற்றி விசாரிப்பார்களா?

தேயிலையில் கஃபீன் என்று ஒன்று இருக்கிறது, அது மூளையைத் தூங்கவிடாது என்றுமட்டும் கொழும்புத் துரை சொன்னார். அன்றைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இன்றைய மருத்துவர்கள் இன்னும் விரிவாகச் சொல்கிறார்கள். விழித்திருந்து வேலை செய்யச் செய்ய, மூளையில் அடினோசின் என்ற ஒரு பொருள் சேர்ந்துகொண்டே போகுமாம். அது தனக்குரிய கதிரையில் போய் உட்கார்ந்து, 'போதும், விளக்கை அணை' என்று சொன்னால்தான் தூக்கம் வரும். கஃபீன் கிட்டத்தட்ட அதே சாயலில் முந்திப் போய் அந்தக் கதிரையில் குந்திவிடுகிறது. வேலையும் செய்யாது, எழும்பவும் எழும்பாது. அரசாங்கக் கந்தோர்களில் இப்படிப்பட்டவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். பின்னேரம் குந்தியதில் பாதியளவு, படுக்கைக்குப் போகும் நேரத்திலும் அங்கேயேதான் இருக்கும். களைப்பு போய்விடவில்லை, வாசலில் நிற்கிறது, அவ்வளவுதான். நாள் தவறாமல் குந்திப் பழகினால் மூளை, இதென்னடா தொல்லை என்று இன்னும் சில கதிரைகளைக் கூட்டிப் போட்டுவிடும். பிறகு ஒருநாள் கஃபீன் வரவில்லையென்றால், வாசலில் நின்ற கூட்டம் முழுவதும் திமுதிமுவென்று உள்ளே வரும். மண்டைக்குள் இரத்தக் குழாய்கள் விரியும். அதுதான் ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி. வேலைப் பற்று என்று பெரிய துரை மெச்சியதும் அதைத்தான்.

"இந்தத் தொழிலில் விழுங்கினால் ஆள் தேற மாட்டான். அதற்காகத்தானே போன வருடம் கோப்பைகளோடு எச்சில் பாத்திரமும் சேர்த்து அனுப்பினோம்? பித்தளையில், இடுப்பு உயரத்துக்கு, நடு ஒடுங்கி..." என்று கொழும்புத் துரை மறுபடியும் அந்த வடிவத்தைக் காற்றில் வரைந்தார். "எங்கே அது?"

தருமலிங்கத்தின் முகத்தில் இருந்த கொஞ்ச இரத்தமும் வடிந்தது. அவருக்கு இப்போது எல்லாம் தெரிந்துவிட்டது. பெட்டியைப் பிரித்த அன்று அவர் அதைப் பூச்சாடி என்று நினைத்தார். குணேஸ்வரி வந்து பார்த்து, "என்ன வடிவான பாத்திரம்! ஸ்டோருக்குள்ளை கிடந்து கறுக்கிறதோ?" என்று புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினாள். பிறகு...

"அதுங்களா?" என்றார் அழகமுத்து பெருமையோடு. "அது நம்ம மாரியம்மன் கோயில்ல இருக்குங்க தொரை. துளசி போட்டு, அதுலருந்துதான் பண்டாரம் தீர்த்தம் குடுக்கிறாரு. திருவிழாவுல பெரிய தொரைக்குக்கூடக் குடுத்தமுங்களே! ரெண்டு தரம் கேட்டு வாங்கிக் குடிச்சாருங்க."

பெரிய துரை மெதுவாகத் தம் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பின்னாளில் பண்டாரத்திடம் இந்த வழக்கு போனது. அவர் ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டு நிதானமாக யோசித்தார். "ஒருத்தன் துப்பினாத்தாங்க அது எச்சிச் சட்டி. துப்புற வரைக்கும் அது பித்தள. நம்ம டீமேக்கரய்யா ஒரு சொட்டுகூடத் துப்பாம ஆத்தாவுக்குன்னு காப்பாத்திக் குடுத்திருக்காரு" என்று தீர்ப்பளித்தார். பாத்திரம் கோயிலிலேயே இருந்தது. பெரிய துரை மட்டும் அதற்குப் பிறகு வந்த திருவிழாக்களில் தீர்த்தத்தைக் கண்டால் கைகூப்பிக்கொண்டு ஒதுங்கிப் போனார். அவர் பக்தி கூடிவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் அன்று ஸ்டோரில் சோதனை இன்னும் முடியவில்லை. கொழும்புத் துரை ஒரு கோப்பையைத் தருமலிங்கத்தின் முன்னால் தள்ளினார். "இப்போது நீ துப்பு."

தருமலிங்கம் உறிஞ்சினார். யன்னலுக்குப் போனார். தலையை வெளியே நீட்டினார். எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"விழுங்கிவிட்டான்" என்றார் கொழும்புத் துரை.

இன்னொரு கோப்பை. இந்தத் தடவை கண்ணை இறுக்கி மூடினார். பாட்டன், பூட்டன், சண்டிலிப்பாய்ச் சைவம் முழுவதும் யன்னலுக்கு வெளியே வந்து நின்று அவர் வாயையே பார்த்தது. விழுங்கிவிட்டார். இன்னொன்று. அதுவும் உள்ளேதான் போனது. கை முன்னைவிட அதிகம் நடுங்கியது. கோப்பை கீழே விழுந்து உடைந்தது.

"துப்பக்கூடத் தெரியாதவனை வைச்சு நான் என்ன செய்ய?" என்றார் பெரிய துரை தமிழில். "ஞானசேகரத்தைக் கூப்பிடு. அங்கொடைதான்."

துரைமாருக்கு வடை சுட்டுத் தட்டில் எடுத்துக்கொண்டு வந்த குணேஸ்வரி வாசலில் நின்றிருந்தாள். வெள்ளைக்காரர் இருக்கும் இடத்தில் அவள் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள். அழகமுத்துவே ஒரு அடி பின்னால் போனார்.

"இஞ்சாருங்கோ, விடிய எழும்பிப் பீலித் தண்ணியடியிலை போய் என்ன செய்யிறனீங்கள்?"

தருமலிங்கம் விழித்தார். "பல்லு விளக்குறனான்."

"விளக்கி?"

"வாய் கொப்பளிக்கிறனான்."

"கொப்பளிச்ச தண்ணியை விழுங்குறனீங்களோ?"

"சீச்சீ! ஆரும் விழுங்குவினமோ? உமிழ்ந்துபோடுறதுதான்."

"அது எச்சில் இல்லையோ? தீட்டு இல்லையோ? சிவபூசைக்கு முன்னமே தினமும் அதைத்தானே செய்யிறியள்?" தட்டை மேசையில் 'ணங்' என்று வைத்தாள். "அப்ப இதுவும் அதுதான். ஆர் உங்களைத் துப்பச் சொன்னது? தேத்தண்ணியாலை வாய் கொப்பளியுங்கோ!"

தருமலிங்கம் மனைவியைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். பின் கிழக்குத் திசை எது என்று பார்த்து அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றார். ஒரு கரண்டி உறிஞ்சினார். களகளவென்று மூன்று ஸ்டோருக்குக் கேட்கும்படி கொப்பளித்தார். யன்னலால் குனிந்தார்.

குரோட்டன் செடி நனைந்தது.

கொழும்புத் துரை கைதட்டினார். "சத்தம் கொஞ்சம் அதிகம். பரவாயில்லை. கொழும்பில் என் மேசையிலும் இப்படி ஒருவர் இருக்கிறார்." பிறகு வடையைக் கடித்தார். அதை மட்டும் துப்பவில்லை.

கதிரை தப்பியது. ஆனால் தலை தப்பவில்லை. கொப்பளிக்கத் தொடங்கி, படுக்கும் நேரத் தேத்தண்ணியையும் விட்ட மறுநாளிலிருந்து தருமலிங்கத்துக்கு வந்த தலைவலிபோல ஒன்றை எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவருக்குக் கொடுத்ததில்லை. துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தார். யாரைக் கண்டாலும் எரிந்து விழுந்தார். பண்டாரம், தாம் வெட்டிய எலுமிச்சம்பழத்துக்குப் பேய் இப்போதுதான் மண்டை வழியாக இறங்குகிறது என்றார். ஞானசேகரம், புரோமைட் மெதுவாகத்தான் வேலை செய்யும் என்று விளக்கினார். தேத்தண்ணி குடிக்கச் சொன்ன கதையை அவர் பிறகு எடுக்கவில்லை. பேய் இல்லை என்று சொன்ன குருன்னான்சேயை ஒருவரும் நினைக்கவில்லை. உண்மை சொன்னவனுக்கு உலகம் தருகிற இடம் எப்போதும் அதுதானே.

பிறகு ஒரு காலை, ஸ்டோர் மணி சரியான நேரத்துக்கு அடித்தது. பெரட்டு கலைந்தது. கொழுந்து வந்து குவிந்தது. வாட்டிய இலை ரோதைக்குக் காத்துக் கிடந்தது. டீமேக்கரைக் காணவில்லை.

பெரிய துரை சப்பாத்துக்கால் அதிர டீமேக்கர் குவாட்டர்ஸ் படியேறினார். அழகமுத்து பின்னால் ஓடினார். "முழிச்சிருந்தா தோட்டத்தைத் தூங்க விடமாட்டான்! இப்போ என்ன சங்கதி?" என்று கத்திக்கொண்டே துரை கதவைத் தள்ளப் போனபோது, கதவு தானாகத் திறந்தது.

வாசலை அடைத்துக்கொண்டு குணேஸ்வரி நின்றாள். கண்கள் சிவந்து கலங்கியிருந்தன. துரையைக் கண்டும் அவள் முந்தானையை இழுத்துவிடவில்லை. ஒரு விரலை உதட்டில் வைத்தாள்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. மேலே ஏறி, ஒரு கணம் நின்று, கடகடவென்று உருண்டு இறங்கியது.

"ரோதையத்தான் ஓட விட்டுட்டாங்களோன்னு நெனச்சேங்க" என்றார் அழகமுத்து மெல்ல.

துரை வாயைத் திறந்தார். குணேஸ்வரியின் முகத்தைப் பார்த்தார். வாயை மூடினார். பிறகு, அந்தத் தோட்டத்தில் யாரையும் பார்த்து ஒதுங்கிப் பழகாத அந்தப் பெரிய மனிதர், ஒரு சப்பாத்தைத் தூக்கி, மெதுவாகக் கீழ்ப்படியில் வைத்தார். அடுத்த சப்பாத்தையும் தூக்கி, அதைவிட மெதுவாக வைத்தார். அவருக்குப் பின்னால் பெரிய கங்காணி, தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெறுங்காலிலேயே நுனிவிரலில் நடந்து போனார்.